கொண்டு கொடுத்த பகை

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைநாட்டைக் களமாகக் கொண்ட காதல் நாவல்களில் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு குலங்களுக்குள் தலைமுறைகளாகத் தீராத பகை. ஒரு குலத்தலைவரின் மகள் எதிர்க்குலத்து இளைஞன்மேல் மனம் வைக்கிறாள். வீட்டார் சீறுகிறார்கள், வாள்கள் உருவப்படுகின்றன, கடைசியில் காதல் ஜெயிக்கிறது. திருமண விருந்தில் இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண, பகையும் தீர்ந்து நாவலும் முடிந்துவிடுகிறது.

இந்தக் கதையை ஆசையோடு படிப்பவர்கள் பல லட்சம் பேர். மட்டமான சரக்கு என்று ஒதுக்குபவர்களும் அநேகர். ஆனால் ஒரு விஷயத்தில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வர்ணனைகள் மிகையாக இருக்கலாம், அடியில் இருக்கும் சமூக உண்மை சரியானது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். பகைக்குலங்களுக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை, அந்த மதிலைத் தாண்டக் காதலால் மட்டுமே முடிந்தது, தாண்டியபோது பகை அடங்கியது என்பதே அந்த நம்பிக்கை. சுற்றுலாக் கையேடுகளும் தொலைக்காட்சித் தொடர்களும் இதையே சொல்கின்றன. இது தவறு. ஹைலேண்ட்ஸில் வெட்டிக்கொண்டவர்களில் பலர் ஏற்கெனவே சம்பந்திகள். பெண் எடுத்த வீட்டோடும் பெண் கொடுத்த வீட்டோடும்தான் அவர்கள் சண்டையிட்டார்கள். சில வேளைகளில் அந்தக் கல்யாணமே சண்டைக்கு முதல் காரணமாக இருந்தது.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெர்த்ஷயரின் மேற்குப் பகுதியில் கிளென்லையன் என்ற நீண்ட பள்ளத்தாக்கு இருக்கிறது. கேம்ப்பெல் குலத்தின் ஒரு கிளை அங்கே வாழ்ந்தது. பெரிய பிரபுக்கள் அல்லர், நடுத்தரமான நிலக்கிழார்கள். அந்த வீட்டுப் பெண் மேரியன், மெக்ரெகர் குலத்தின் தலைவரான கிளென்ஸ்ட்ரே கிரெகரை மணந்தாள். நாவல்களின் கணக்குப்படி கேம்ப்பெல்லும் மெக்ரெகரும் பாம்பும் கீரியும். ஆனாலும் அந்தக் கல்யாணம் நடந்தது, பிள்ளைகளும் பிறந்தார்கள். நடக்காமல் போனது வேறொன்று. கிளென்ஸ்ட்ரே நிலத்தின் மேலுரிமை, கிளெனார்க்கி கேம்ப்பெல்களின் தலைவரான கோலின் கைக்குப் போயிருந்தது. அந்த நிலத்துக்கு வாரிசாக கிரெகரை ஏற்க அவர் மறுத்தார். கிரெகர் காட்டுக்குள் போய்த் தலைமறைவாகத் திரிந்து போரிட்டான். 1569-ல் பிடிபட்டவனைக் கோலின் 1570 ஏப்ரல் 7 அன்று டே ஏரிக்கரையில் தலையை வெட்டிக் கொன்றார். கிளெனார்க்கி வீட்டாரின் குடும்ப வரலாற்று ஏடு ஒன்று இருக்கிறது. கோலின் கட்டிய வீடுகளையும் சேர்த்த நிலங்களையும் பெருமையோடு சொல்லும் அந்த ஏடு, கிரெகரின் தலையை வெட்டியதையும் அவருடைய சாதனைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது.

மேரியனும் ஒன்றை விட்டுச் சென்றாள். கணவனுக்கான ஒப்பாரியும் குழந்தைக்கான தாலாட்டும் ஒன்றாகக் கலந்த கேலிக் மொழிப் பாடல் அது. அவளே பாடியதாகத்தான் மரபு சொல்கிறது. அதில் அவள் சாபமிடுவது அயல் குலத்தாரை அல்ல, தன் சொந்த ரத்தத்தை. அந்தப் பெண்ணின் துயரத்தை விளங்கிக்கொள்ள 'தடைசெய்யப்பட்ட காதல்' என்ற சட்டகம் எந்த வகையிலும் உதவாது. அவளை யாரும் மணக்க விடாமல் தடுக்கவில்லை. மணந்த பிறகு, பிறந்த வீட்டாரின் கை புகுந்த வீட்டின் கழுத்தை அறுத்தது. நாவல் முடிகிற இடத்தில்தான் அவளுடைய கதை தொடங்குகிறது.

அதே வீட்டில் இன்னும் இரண்டு கல்யாணங்கள் உண்டு. வால்டர் ஸ்காட்டின் நாவலால் உலகப் புகழ் பெற்ற ராப் ராய் மெக்ரெகர் 1671-ல் பிறந்தவர். அவருடைய தாய் மார்கரெட், கிளென்லையன் கேம்ப்பெல் வீட்டுப் பெண். மெக்ரெகர் என்ற பெயரைச் சூடுவதே சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில் ராப் ராய் எடுத்துக்கொண்ட பெயர் கேம்ப்பெல், அதாவது தாய்வீட்டுப் பெயர். கேம்ப்பெல்களின் பரம விரோதியாகக் கதைகள் காட்டும் மனிதருக்கு ஆபத்தில் கைகொடுத்தது அந்தப் பெயர்தான்.

மூன்றாவது கல்யாணம் கிளென்கோவில் நடந்தது. 1692 பிப்ரவரி 13 விடியற்காலையில் அங்கே மக்டொனால்ட் குலத்தவர் சுமார் 38 பேர் கொல்லப்பட்டார்கள். தப்பி ஓடியவர்களில் பலர் பனியில் மடிந்தார்கள். படைக்குத் தலைமை தாங்கியவர் கிளென்லையன் ராபர்ட் கேம்ப்பெல். கொல்லப்பட்ட குலத்தலைவர் மெக்கீயனின் இளைய மகன் அலஸ்டேரின் மனைவி, இதே ராபர்ட் கேம்ப்பெல்லின் உடன்பிறந்தார் மகள். படையினர் அந்தப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய இரண்டு வாரம் விருந்தாளிகளாகத் தங்கியிருந்தார்கள். ராபர்ட் கேம்ப்பெல், முறைக்கு மருமகனான அலஸ்டேரின் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். சம்பந்தி வீட்டுச் சோற்றை உண்ட கையோடு வாளெடுத்ததுதான் அந்தக் கொலையை ஸ்காட்லாந்து இன்றுவரை மறக்காமல் இருக்கக் காரணம். கொன்றவனும் கொலையுண்டவனும் அந்நியர்கள் என்று கற்பித்துக்கொண்டால் அந்தக் கொடுமையின் பாதி நமக்குத் தெரியாமலே போய்விடும்.

ஒரு வீட்டை வைத்து நாட்டையே எடைபோடலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அப்படியானால் திருச்சபையின் ஏடுகளைப் பார்ப்போம். மதச் சீர்திருத்தத்துக்கு முன்பு ஹைலேண்ட்ஸ் பெருங்குடும்பங்களின் கல்யாணங்களுக்கு உண்மையிலேயே ஒரு தடை இருந்தது. அந்தத் தடை பகையால் வந்ததல்ல, உறவால் வந்தது. நான்கு தலைமுறைக்குள் ரத்தசம்பந்தம் உள்ளவர்கள் மணக்கக்கூடாது என்பது கத்தோலிக்கச் சட்டம். குலத்தலைவர்களின் வீடுகளோ ஒன்றோடொன்று கொண்டு கொடுத்துப் பின்னிக் கிடந்தன. அதனால் போப்பாண்டவரிடம் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஹெப்ரிடீஸ் தீவுகளை ஆண்ட ஜான் மக்டொனால்ட், ஏமி மெக்ருரியை மணக்க 1337-ல் அப்படி விலக்கு பெற்றார். பிற்பாடு அதே ஏமியை விலக்கிவிட்டு, பின்னாளில் ஸ்காட்லாந்தின் மன்னரான ராபர்ட் ஸ்டூவர்ட்டின் மகளை மணந்தார். எதிரணியோடு சம்பந்தம் செய்வதில் அந்தக் காலத்துத் தலைவர்களுக்குத் தயக்கமே கிடையாது. தயக்கம் இல்லாததே அன்று பெண்களுக்கு ஆபத்தாக முடிந்தது.

இந்த நாவல்களின் மையப் பிழையும் இங்கேதான். பெண்ணுக்கு வந்த தீங்கு கல்யாணத் தடையாக வந்தது என்று அவை கருதுகின்றன. உண்மையில் தீங்கு கல்யாணமாகவே வந்தது. இதைக் காட்டிலும் தெளிவாகச் சொல்ல வேண்டுமானால் கடத்தல்களைப் பற்றித்தான் பேச வேண்டும். ஹைலேண்ட்ஸ் காதல் நாவலில் நாயகன் எதிரியின் மகளைக் குதிரையில் தூக்கிப் போவதும், அவள் சில அத்தியாயங்கள் முரண்டு பிடித்துப் பிறகு அவனிடம் மனம் கொடுப்பதும் அலுக்காமல் எழுதப்படுகிற கட்டம். பதிவான கடத்தல்களைப் பாருங்கள். 1499-ல் காடர் நிலத்தின் ஒரே வாரிசான மியூரியலை ஆர்கைல் பிரபுவின் ஆட்கள் தூக்கிப் போனார்கள். அவள் அப்போது தாதியின் கையில் இருந்த சின்னக் குழந்தை. பிற்பாடு ஆள்மாறாட்டம் செய்துவிடக்கூடாது என்பதற்காக அவள் வீட்டார் சூடான சாவியால் குழந்தையின் இடுப்பில் சூடு வைத்ததாகவும், தாதி சுண்டுவிரல் நுனியைக் கடித்துத் துண்டாக்கியதாகவும் பரம்பரைச் செய்தி. குழந்தை இறந்துபோனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, செம்பட்டை முடியுள்ள சிறுமி ஒருத்தி தங்கள் ஏரிக்கரையில் இருக்கும்வரை அவள் சாகமாட்டாள் என்று கேம்ப்பெல் தரப்பு பதில் சொன்னதாம். 1510-ல் பிரபுவின் மகன் ஜானுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். காடர் நிலம் இன்றும் அந்தக் கேம்ப்பெல் வழியினரிடம்தான் இருக்கிறது.

1697-ல் சைமன் ஃபிரேசர், லோவட் பிரபுவின் விதவையான அமீலியாவை வலுக்கட்டாயமாகத் தன் மனைவியாக்கினான். அவள் அலறல் வெளியே கேட்காமல் இருக்கப் பக்கத்தில் பைப் இசைக்கச் சொன்னார்கள் என்பது அந்த வழக்கோடு சேர்ந்தே பேசப்படும் செய்தி. 1750-ல் ராப் ராயின் மகன் ராபின், சொத்துள்ள இளம் விதவை ஜீன் கீயை அவள் வீட்டிலிருந்து தூக்கிப் போனான். 1754-ல் எடின்பரோவில் அவனைத் தூக்கிலிட்டார்கள், அதற்குள் ஜீன் இறந்துவிட்டிருந்தாள். இந்த மூன்று நிகழ்ச்சிகளும் இரண்டரை நூற்றாண்டு இடைவெளியில் பரவிக் கிடக்கின்றன. மூன்றிலும் பெண் போன இடத்துக்கு நிலமோ பணமோ பட்டமோ கூடவே போனது. மியூரியல் பிறகு நெடுங்காலம் கணவரோடு வாழ்ந்தாள், ஒருவேளை மகிழ்ச்சியாகவே வாழ்ந்திருக்கலாம். அதற்காக, தாதியின் மடியிலிருந்து பறிக்கப்பட்ட ஒரு குழந்தையின் கதையைக் காதல் கதையின் முதல் அத்தியாயம் என்று யாரும் என்னை நம்பவைக்க முடியாது.

கல்யாணம் பகையைத் தீர்த்தது என்ற நம்பிக்கை மட்டும் நிற்குமா? சில இடங்களில் தீர்த்தது உண்டு. தீராத இடங்கள் பெரியவை. மியூரியலின் கணவர் ஜான் கேம்ப்பெல் 1523-ல் எடின்பரோவில் டூவார்ட் மெக்லீன் குலத்தலைவர் லாக்லனைக் கொன்றார். கொல்லப்பட்டவர் அவருக்கு மச்சான். லாக்லன் தன் கேம்ப்பெல் மனைவியை, மல் தீவுக்கும் லிஸ்மோர் தீவுக்கும் இடையே வெள்ளத்தில் மூழ்கும் பாறை ஒன்றில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததாகவும், மீனவர்கள் அவளைக் காப்பாற்றிப் பிறந்த வீட்டில் சேர்த்ததாகவும் கதை வழங்குகிறது. ஓபன் துறைமுகத்திலிருந்து மல் தீவுக்குப் போகும் படகு இன்றும் அந்தப் 'பெண் பாறை'யைக் கடந்துதான் போகிறது. ஸ்கை தீவில் இன்னொன்று. ஸ்லேட் மக்டொனால்ட் தலைவர் டொனால்ட் கோர்ம், மெக்லவுட் தலைவரின் தங்கை மார்கரெட்டை மனைவியாக வைத்திருந்து பின்பு திருப்பி அனுப்பிவிட்டார். ஒற்றைக்கண் குதிரையில், ஒற்றைக்கண் வேலைக்காரனோடும் ஒற்றைக்கண் நாயோடும் அனுப்பினார் என்று மரபு சொல்கிறது. அவளுக்கே ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது. அந்த அவமானத்தில் மூண்ட சண்டை 1601-ல் கூலின் மலையடியில் பெரும்போராகி முடிந்தது. ஊர்கள் எரிந்தன, மாடுகள் சூறையாடப்பட்டன, இரு பக்கமும் பட்டினி கிடந்தார்கள். கேலிக் வழக்கத்தில் கல்யாணத்தை முறிப்பது திருச்சபைச் சட்டத்தைவிட எளிது. சில ஆண்டுகளுக்கென்று தவணை வைத்துச் செய்யும் கல்யாணங்களை 1609-ன் அயோனா சட்டங்கள் தடை செய்ய வேண்டியிருந்ததே அதற்குச் சான்று. சம்பந்தம் முறியும்போது பெண்ணோடு மானமும் திரும்பி வந்தது. அந்த மானத்துக்காகத்தான் மக்டொனால்டும் மெக்லவுடும் வெட்டிக்கொண்டார்கள்.

குலம் என்றால் ஒரே ரத்தம் என்ற எண்ணத்தையும் இங்கே சேர்த்தே கைவிட வேண்டும். ஒரு தலைவரின் நிலத்தில் குடியிருந்த சாதாரணக் குடியானவர்கள் பலர் அவருடைய பெயரைச் சூடிக்கொண்டார்கள். நிலம் கைமாறியபோது பெயரும் மாறியது. ஒரே பள்ளத்தாக்கில் பல பெயர்க்காரர்கள் அக்கம்பக்கமாக வாழ்ந்து, பெண் கொடுத்து எடுத்தார்கள். மாடு மேய்த்த பெண்ணுக்கும் கரி சுட்ட பையனுக்கும் நடுவே நின்றது குலப்பகை அல்ல, பெரும்பாலும் குத்தகைப் பாக்கிதான்.

அப்படியானால் ஆதிப்பகை என்ற கதை எங்கிருந்து வந்தது? எடின்பரோவிலிருந்து. ஆறாம் ஜேம்ஸ் மன்னர் 1599-ல் எழுதிய அரசியல் நூலில் தீவுவாசிகளைக் கலப்பில்லாத காட்டுமிராண்டிகள் என்று வகைப்படுத்தினார். ஒரு குலத்தை அழிக்க இன்னொரு குலத்துக்குத் தீயும் வாளும் ஏந்த ஆணை கொடுப்பது அரசின் வழக்கமான கருவி. 1603-ல் மெக்ரெகர் என்ற பெயரையே அரசு தடை செய்தது. மேரியனின் மகன் அலஸ்டேர் அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்டான். நில ஆவணமும் அரசாணையும் செய்த வேலையை, பின்னால் வந்தவர்கள் இயல்பான இனவெறுப்பாகப் படித்தார்கள். கிளென்கோவிலும் அதுவே நடந்தது. கொலைக்கு வழிவகுத்தவர் ஜான் டால்ரிம்பிள், மூன்றாம் வில்லியம் மன்னரின் ஸ்காட்லாந்துச் செயலர். அவர் ஹைலேண்ட்ஸ்காரர்கூட அல்லர். ஆணையில் மன்னரே கையெழுத்திட்டார். கொன்ற படை அரசின் சம்பளப் படை, அதில் கேம்ப்பெல் பெயர் கொண்டவர்கள் சிறுபான்மை. ஆனால் இன்றும் கிளென்கோவில் ஒரு பழைய விடுதியின் வாசலில் கேம்ப்பெல்களுக்கு இடமில்லை என்று பலகை தொங்குகிறது. டால்ரிம்பிள்களுக்கு அப்படியொரு பலகை கிடையாது.

டால்ரிம்பிள் வீட்டைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஜானின் சகோதரி ஜேனட் ஒருவனைக் காதலித்து, பெற்றோர் பார்த்த வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டு, 1669-ல் கல்யாணமான சில வாரங்களிலேயே இறந்துபோனாள். ஸ்காட் அதைத்தான் 1819-ல் லாமர்மூர் மணப்பெண்ணின் கதையாக எழுதினார். டொனிசெட்டி 1835-ல் அதை ஓபராவாக்கினார். பகைவீட்டுக் காதல் என்ற வார்ப்புக்கு ஐரோப்பா முழுவதும் செல்வாக்கு தேடித் தந்தவற்றில் அது முக்கியமானது. சகோதரியின் காதலை உலகமே பாடுகிறது. சகோதரன் நடத்திய படுகொலையின் பழியை கேம்ப்பெல்கள் சுமக்கிறார்கள். ஸ்காட்டை நான் குறைத்து மதிக்கவில்லை. தமிழ்ச் சரித்திர நாவலும் தூரத்து முன்னோடியாக அவரை வணங்க வேண்டும். ஆனால் அவருடைய முதல் நாவல் வேவர்லி வெளிவந்த அதே 1814-ல்தான் சதர்லாந்தின் நேவர் பள்ளத்தாக்கில் குடியானவர்களின் கூரைகளுக்குத் தீ வைத்து அவர்களை விரட்டினார்கள். அந்த நிலத்தின் சொந்தக்காரி அயலார் அல்ல, சதர்லாந்து குலத்தின் தலைவி. ஹைலேண்ட்ஸ் மனிதனுக்கு மிகப்பெரிய கேடு எதிர்க்குலத்திலிருந்து வரவில்லை, தன் குலத்தலைவரின் கணக்கு அறையிலிருந்து வந்தது. குலப்பகைக் காதலை மட்டுமே கதையாகப் படித்தவருக்கு இந்தத் துரோகத்தின் வடிவமே கண்ணில் படாது.

இந்த நாவல்களுக்காகப் பேசுகிறவர்கள் இரண்டு பதில்கள் வைத்திருக்கிறார்கள். இது கற்பனைதானே, வாசகருக்கு அது தெரியாதா என்பது முதலாவது. தெரியும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கலோடன் போர்க்களத்துக்குப் போய்ப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 1746-ல் விழுந்தவர்களின் கூட்டுப் புதைகுழிகள்மேல் 1881-ல் குலப்பெயர் பொறித்த கற்களை நட்டார்கள். எந்தக் குழியில் யார் கிடக்கிறார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. டயானா கேபல்டனின் அவுட்லாண்டர் தொடரின் நாயகன் ஒரு ஃபிரேசர், முழுக்கக் கற்பனைப் பாத்திரம். அவனுக்காக ஃபிரேசர் கல்லின் முன்னால் பூ வைக்க வந்தவர்களின் காலடியில் புல் தேய்ந்து, அந்த இடத்தைப் பாதுகாக்க ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அந்த மக்களின் கண்ணீரை நான் மதிக்கிறேன். அவ்வளவு ஆழமாக நம்பப்படும் ஒரு கதைக்கு, தான் எதைச் சொல்கிறோம் என்பதில் பொறுப்பு உண்டு என்றே வாதிடுகிறேன்.

இரண்டாவது பதில் கனமானது. பெண்கள் எழுதி, பெண்கள் படிக்கும் ஒரு வகையை ஆண்களின் இலக்கிய உலகம் காலங்காலமாக எள்ளி வந்திருக்கிறது, இந்தக் குறையும் அந்த எள்ளலின் தொடர்ச்சி என்கிறார்கள். எள்ளல் உண்மை, அது நியாயமற்றது என்பதும் உண்மை. பெண்ணின் ஆசையையும் அச்சத்தையும் கதையின் நடுவில் வைத்தது இந்த வகையின் பெருமை. என் குறை நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. இந்த நாவல்கள் பெண்களுக்கு அளவுக்கு மீறிக் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டியதைவிட மிகக் குறைவாகவே கொடுக்கின்றன. யாரை மணப்பது என்ற ஒரே முடிவோடு நாயகியின் அறிவுக்கும் துணிவுக்கும் வேலை முடிந்துவிடுகிறது. இரு வீட்டுக்கும் நடுவே தூது போனவள், முற்றுகையின்போது கோட்டைக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று தீர்மானித்தவள், சித்தப்பன் படையோடு வாசலில் வந்து நின்றபோது கணவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தவள் என்று அந்தப் பெண்களின் வாழ்க்கை கல்யாணத்துக்குப் பிறகு விரிந்தது. கிளென்கோவில் அந்தக் கடைசி இரவுகளில் ராபர்ட் கேம்ப்பெல்லின் உடன்பிறந்தார் மகள் அவருக்கு என்ன பரிமாறினாள், அவர் கண்ணில் எதைப் பார்த்தாள் என்று எழுத ஒரு நாவலாசிரியர் வேண்டும். அவள் கணவன் அன்று தப்பிவிட்டான். மாமனாரைக் கொன்ற மனிதரை அவள் அதற்குப் பிறகு என்ன முறை சொல்லி அழைத்தாள்?

அவ்வளவு துயரமான கதையைக் காதல் நாவல் வாசகர் தாங்கமாட்டார், இன்பமான முடிவு இந்த வகையின் உடன்படிக்கை என்று பதிப்பாளர்கள் சொல்லக்கூடும். வாசகரை இவ்வளவு பலவீனமானவராக எண்ணுவதை நான் ஏற்கவில்லை. மேரியனின் பாடலில் கணவனின் வெட்டுண்ட தலை இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, உறவினர்மேல் சாபம் இருக்கிறது. ஹைலேண்ட்ஸ் தாய்மார்கள் அதைத் தேர்ந்தெடுத்து, நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் குழந்தைகளைத் தூங்கவைக்கப் பாடிவந்திருக்கிறார்கள்.